தண்ணீர் அடுப்பும் தலைமை விருந்தினரும்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாநாட்டு மண்டபத்துக்குள் இடம் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். கிடைக்காதவர்கள் வாசலில் நின்று, உள்ளே போனவர்களின் முதுகைப் பார்த்தே புல்லரித்துக்கொண்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்கள், இன்னும் வேலையே கிடைக்காதவர்கள், வக்கீல்கள், பல் டாக்டர்கள், ஒரு வங்கி மேலாளர் என்று எல்லா ரகமும் இருந்தது. எல்லார் இடுப்பிலும் ஓர் அடுப்பு. கைக்குழந்தையைக்கூட அவ்வளவு பத்திரமாகத் தூக்கியிருக்க மாட்டார்கள்.

சும்மா அடுப்பில்லை. தண்ணீரில் எரிகிற அடுப்பு!

கேஸ் வேண்டாம், கரண்ட் வேண்டாம், விறகு வேண்டாம். மேலே உள்ள கிண்ணத்தில் தண்ணீரை ஊற்று. திருகைத் திற. தீக்குச்சியைக் காட்டு. வெள்ளை வெளேரென்று எரியும். கண்டுபிடித்தவர் நீரொளியார். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "நான் படிப்பைப் படிக்கல, படிப்புதான் என்னைப் படிச்சுது" என்பார். கூட்டம் கைதட்டும். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் தனக்கு மட்டும் புரியவில்லை என்று ஆகிவிடுமே!

"தண்ணிக்கு மனசு இருக்கு, தெரியுமா உங்களுக்கு?" என்று ஒலிபெருக்கியில் குழைந்தார் நீரொளியார். "திட்டினா வாடிப் போகும். கொஞ்சினா பூரிச்சுப் போகும். நான் கொஞ்சுறேன், அது எரியுது. அவ்வளவுதான்!"

அடுப்புக்கு இரண்டு விதிகள் உண்டு. அடியில் இருக்கும் மூலப்பெட்டியைத் திறக்கக் கூடாது. திறந்தால் அதிர்வு பறந்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை அடுப்பை மண்டபத்துக்குக் கொண்டுவர வேண்டும். திரைக்குப் பின்னால் வைத்து நீரொளியார் புது அதிர்வு ஏற்றுவார். அதற்குக் கட்டணம் தனி. மனசுள்ள தண்ணீர் ஏன் வாரக் கூலி கேட்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

மேடையில், நீரொளியாருக்குப் பக்கத்தில், இன்னும் பெரிய நாற்காலியில் தலைமை விருந்தினர் உட்கார்ந்திருந்தார். வேதிப் பொறியியல் பேராசிரியர். வெப்ப இயக்கவியல் பாடம் நடத்துகிறவர். புதுப்பிக்கத்தக்க எரிபொருளில் ஆராய்ச்சி செய்கிறவர். அப்பேர்ப்பட்டவருக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா? அதே கேள்வியை அவரும் பிற்பாடு பலமுறை தன்னைக் கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில் முந்தினதைவிட அசிங்கமாக இருந்தது.

அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஓர் உலை இருக்கிறது. காய்கறிக் கழிவைப் போட்டால் எரிபொருள் தரும். தரும்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் உலையைச் சூடாக்க அது தின்கிற மின்சாரத்தில் பாதிக்குக்கூட அந்த எரிபொருள் ஈடாகாது. "உலகத்தோட எரிபொருள் பஞ்சத்தைத் தீர்க்கப் போறேன்னு இத்தனை வருஷமா எரிபொருளை வீணாக்கிட்டிருக்கேன்" என்று அவரே சொல்லிக்கொள்வார். என்றோ ஒருநாள் உலை கொஞ்சம் நன்றாக வேலை செய்தது. அன்று போட்டிருந்த வெள்ளைக் கோட்டை அதற்குப் பிறகு அவர் துவைக்கவே இல்லை. ராசி போய்விடுமாம்! பேராசிரியர்தான். கோட்டு மட்டும் படிக்காத கோட்டு.

கடைசியாக அவர் கட்டுரை வாசித்த கருத்தரங்கில் முன்வரிசையில் இருந்தவர்கள், அடுத்துப் பேச வேண்டியவர்கள். பின்வரிசையில் இருந்தவர் மைக்காரர். மைக்காரர் தூங்கிவிட்டார்.

அப்படிப்பட்ட மனிதரை, "அய்யா, உங்களை மாதிரி பெரிய விஞ்ஞானி வந்து பார்த்தாத்தான் எங்களுக்குப் பெருமை" என்று வீட்டுக்கே வந்து அழைத்தால்? கார் அனுப்பினால்? மேடை ஏறியதும் ஒரு மண்டபமே எழுந்து நின்றால்? மனிதர் உருகிவிட்டார். வெண்ணெய் எத்தனை டிகிரியில் உருகும் என்று அவருக்குத் தெரியும். தான் எத்தனை டிகிரியில் உருகுவோம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டார்.

சோதனையும் செய்தார், செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. கையோடு கொண்டுபோன வெப்பமானியால் தீயின் சூட்டை அளந்தார். ஒரு பாத்திரம் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் கொதிக்கிறது என்று பார்த்தார். தாளில் கணக்குப் போட்டார். அளவில் பிழையில்லை, கணக்கிலும் பிழையில்லை. எரிவது எது என்று மட்டும் கேட்கவில்லை. அடுப்பின் மேல் குனிந்தபோது பூண்டு வாடை மாதிரி ஒன்று மூக்கில் ஏறியது. எங்கோ முகர்ந்த வாடைதான். மூக்கு சொல்லிப் பார்த்தது. காது கேட்கவில்லை, காது அப்போது கைதட்டலில் இருந்தது.

"இது ஆராயப்பட வேண்டிய விஷயம்" என்று மைக்கில் சொல்லிவிட்டு இறங்கினார். படித்தவர்கள் மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்கச் சொல்லும் வாக்கியம் அது. அந்த வாக்கியத்திலேயே மாட்டினார்.

மறுநாள் ஊர் முழுக்கச் சுவரொட்டி. வாயைப் பிளந்தபடி அவர் படம். கீழே கொட்டை எழுத்தில்: "ஆராய்ந்தார்! அசந்தார்! அறிவியலே தலைவணங்கியது!"

வகுப்புக்குள் நுழைந்தார். பாடம், வெப்ப இயக்கவியலின் முதல் விதி. வழக்கம்போலப் பலகையில் ஒரு பெட்டி வரைந்து, அதைச் சுற்றிப் புள்ளிக்கோடு போட்டார்.

"இந்தக் கோட்டைத் தாண்டி எது உள்ள போகுது, எது வெளிய வருது, அதை மட்டும் பாருங்க. உள்ள போகாதது வெளிய வராது. தண்ணிங்கிறது ஏற்கெனவே எரிஞ்சு முடிஞ்ச பொருள். ஹைட்ரஜனோட சாம்பல். சாம்பலை யாரும்..."

அங்கே நாக்கு நின்றுவிட்டது. பின்பெஞ்சிலிருந்து ஒரு மாணவி மரியாதையாகக் கையைத் தூக்கினாள்.

"சார், ஒரு டவுட்டு. முதல் விதி இன்னும் அமல்ல இருக்கா? இல்ல ஞாயித்துக்கிழமை மட்டும் லீவா?"

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். வேறென்ன செய்வது! வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

மனைவி காப்பீட்டு நிறுவனத்தில் தீ விபத்து இழப்புகளை மதிப்பிடும் அதிகாரி. கருகிப்போன கிடங்குக்குள் நடந்து, எது விபத்து, எது வேண்டுமென்றே வைத்தது என்று சொல்லிவிடுவாள். யார் அழுதாலும் அவள் கண் சுவரில் படிந்த புகையைத்தான் பார்க்கும்.

"என்னங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா? எரிஞ்சது என்ன?"

"தண்ணி எரியாது. அது எனக்குத் தெரியாதா?"

"தெரியும். அப்ப மேடையில ஏன் சொல்லல?"

"கைதட்டிட்டிருந்தாங்க."

அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவருக்கு.

"ஒரு மறுப்பு எழுதிப் போட்டுடுறேன்" என்றார். எழுத உட்கார்ந்தார். 'ஆயினும்', 'எனினும்', 'ஒருவகையில்' என்று எழுதி எழுதி அடித்தார். ஏமாந்தேன் என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் பேனா வளைய மறுத்தது. அப்படியே இரண்டு நாள் போனது.

மூன்றாம் நாள் காலை அவருடைய அக்காவின் விடுதியிலிருந்து போன் வந்தது.

அக்கா வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி நடத்துபவள். சமையலறை அவள் ராஜ்யம். பேராசிரியர் போய்ச் சேர்ந்தபோது சுவரில் கருப்பாக நாக்கு நீட்டியதுபோலப் புகைக்கறை. ஜன்னல் திரையில் பாதி இல்லை. அக்கா ஈரத்துண்டை முகத்தில் போட்டு உட்கார்ந்திருந்தாள். துண்டை எடுத்தாள். இரண்டு புருவமும் இல்லை. முன்முடி பொசுங்கிச் சுருண்டிருந்தது.

மேசைமேல் தண்ணீர் அடுப்பு.

"தீ கம்மியா எரிஞ்சுதுடா தம்பி. இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்தினேன். குபீர்னு வந்துடுச்சு."

"இதை ஏன் வாங்கின?"

"நீதானே சொன்ன!"

"நானா?"

"சுவரெல்லாம் நீதானே இருக்க! என் தம்பியே அசந்துட்டான், அப்புறம் எனக்கென்ன பயம்னு வாங்கினேன்." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "தப்பு என் மேலதான். ஊத்தும்போது மனசுல லேசா ஒரு சந்தேகம் வந்துச்சு. அது தண்ணிக்குத் தெரிஞ்சுபோச்சு."

பேராசிரியர் அந்தப் புருவமில்லாத முகத்தைப் பார்த்தார். சின்ன வயதில் அவருக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த முகம். அந்த முகத்தை எரித்துவிட்டு, அவளையே குற்றவாளியாகவும் ஆக்கியிருந்தது அடுப்பு. பக்கத்தில் அவருடைய வாய்பிளந்த படமும் கூட்டுக் குற்றவாளியாக நின்றது. இந்தத் தடவை குனிந்து முகர்ந்தார். பூண்டு வாடை. கார்பைடு கல். வெல்டிங் பட்டறையில் கிடக்குமே, அதேதான். தண்ணீர் பட்டால் எரிவாயு கக்கும். மிச்சம் சுண்ணாம்புச் சேறு. முதலாண்டு மாணவனுக்கே தெரியும்.

"அக்கா, இதுக்குள்ள கல்லு இருக்கு. அதுலேர்ந்து வர்ற கேஸ்தான் எரியுது. மூடின அறையில வெடிச்சா ஆளே இருக்க மாட்டோம்."

"போடா. போன வாரம் அசந்த, இந்த வாரம் கல்லுங்கிற. எந்த வாரத்துத் தம்பியை நான் நம்புறது?"

நியாயமான கேள்விதான்.

பின்னாலேயே வந்திருந்த மனைவி சுவரின் கறையை விரலால் தொட்டுப் பார்த்தாள். "அண்ணி, இவரை நம்பவே வேண்டாம். ஞாயித்துக்கிழமை நாமளே போய்ப் பார்த்துடலாம். உங்க சமையல்கட்டுத் தராசை மட்டும் எடுத்துட்டு வாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இரட்டிப்பு. சுவரொட்டியின் மகிமை! பேராசிரியர் உள்ளே நுழைந்ததும், "அசந்தவர் வந்துட்டார், அசந்தவர் வந்துட்டார்" என்று வழிவிட்டார்கள். நீரொளியார் இரண்டு கையையும் விரித்தார். பேராசிரியர் நேராக மைக்கிடம் போனார்.

"எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் இதே இடத்துல நின்னு நான் உளறினேன். அசரவும் இல்ல, ஆராயவும் இல்ல. நீங்க கைதட்டினது நல்லா இருந்துச்சு, அவ்வளவுதான். இன்னைக்கு உங்க முன்னாடி சின்னதா ஒரு சோதனை. திரைக்குப் பின்னாடி அடுப்புக்குள்ள அதிர்வுதான் போகுதுன்னா, எடை மாறக் கூடாது. இது எங்க அக்கா அடுப்பு. இது அவங்க தராசு."

நீரொளியார் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. "தாராளமா!"

அடுப்பை நிறுத்தார்கள். திரைக்குப் பின்னால் போனது, வந்தது. மறுபடி நிறுத்தார்கள். முள் தெளிவாக இறங்கி நின்றது. சுண்ணாம்புச் சேறு போய்ப் புதுக் கல் வந்தால் எடை குறையத்தானே செய்யும்! பேராசிரியர் வெற்றியோடு கூட்டத்தைப் பார்த்தார்.

"பாத்தீங்களா? குறைஞ்சிருக்கு! இதுக்கு என்ன அர்த்தம்?"

நீரொளியார் மைக்கை மெதுவாக வாங்கினார். "அம்மாவோட மனபாரம் இறங்கிடுச்சுன்னு அர்த்தம்."

மண்டபம் அதிர்ந்தது. விசில் பறந்தது. வங்கி மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் அடுப்பையும் நிறுங்க! என் பாரத்தையும் நிறுங்க!" என்று வரிசை ஒன்று தராசை நோக்கிக் கிளம்பியது. அரைமணி நேரத்தில் தராசும் அற்புதப் பொருளாகிவிடும் போலிருந்தது. புள்ளிக்கோடு, பெட்டி, முதல் விதி என்று பேராசிரியர் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டது மைக்காரர் ஒருவர்தான். இந்த மைக்காரர் தூங்கவில்லை. அது ஒன்றுதான் முன்னேற்றம்.

அப்போது கீழேயிருந்து மனைவி எழுந்தாள். குரலில் அவ்வளவு பணிவு. பேராசிரியருக்குத் தெரியும், அலுவலகத்தில் யாராவது வசமாகச் சிக்கும்போதுதான் அவளுக்கு அந்தக் குரல் வரும்.

"அய்யா, ஒரு சந்தேகம். உங்க அதிர்வு சுவரையெல்லாம் தாண்டுமா?"

"சுவரா? மலையைத் தாண்டும், கடலைத் தாண்டும்!"

"துணியைத் தாண்டுமா?"

கூட்டம் சிரித்தது. நீரொளியாரும் சிரித்தார். "என்னம்மா கேள்வி இது!"

"அப்ப நல்லதாப் போச்சு. அண்ணி அடுப்புல அதிர்வு தீர்ற வரைக்கும் இங்கயே எரிப்போம். அப்புறம் ஒரு துணிப்பையில போட்டு வாயைத் தைச்சிடலாம். நீங்க பையோட உள்ள கொண்டுபோய் அதிர்வு ஏத்துங்க. வெளிய வந்ததும் எல்லார் முன்னாடியும் பிரிச்சு எரிய வெப்போம். என் வீட்டுக்காரர் வாய் அதோட அடைஞ்சிடும்."

நீரொளியார் முகத்தில் முதல்முறையாக ஒரு கோடு அசைந்தது. "சக்தியைச் சோதிக்கக் கூடாதும்மா. அதுக்குக் கோவம் வந்துடும்."

அவரைக் கவிழ்த்தவர்கள் சந்தேகக்காரர்கள் இல்லை. அவருடைய பக்தர்கள்தான்!

"அய்யாவால முடியாதா என்ன?" என்று ஒரு வக்கீல் கத்தினார். "தைங்கம்மா! இந்தப் புரொபசருக்குப் புத்தி வரட்டும்!"

"தைங்க! தைங்க!" என்றது மண்டபம்.

அக்கா மேடை ஏறினாள். புருவமில்லாத முகத்தில் அவ்வளவு நம்பிக்கை. "அய்யா, என் தம்பிக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். இவன் வாயை நீங்கதான் அடைக்கணும்."

ஜன்னலையெல்லாம் திறக்கச் சொல்லி அடுப்பை எரிய விட்டார்கள். நீரொளியார் நடுவில் மூன்று பாட்டுப் பாட வைத்தார், ஒரு சொற்பொழிவு ஆற்றினார், தலைசுற்றல் என்று சொல்லிப் பார்த்தார். கூட்டம் நகரவில்லை. மத்தியானம் கடந்து தீ சுருங்கியது, நீலமானது, அணைந்தது. தண்ணீர் மட்டும் கிண்ணம் நிறைய இருந்தது. யாரும் திட்டாமலே அது வாடிவிட்டது. அக்கா அதை வடித்துவிட்டு அடுப்பைப் பையில் போட்டாள். வெள்ளை நூலால் வாயை நெருக்கமாகத் தைத்து முடிச்சுப் போட்டாள். இரண்டு சீடர்கள் பையைத் திரைக்குப் பின்னால் தூக்கிப் போனார்கள். நீரொளியாரும் போனார்.

ரொம்ப நேரம் வரவில்லை.

வந்தபோது முகம் வியர்த்திருந்தது, சிரிப்பு இருந்தது. பையின் வாய் தைத்தபடியே இருந்தது. அதே வெள்ளை நூல். அதே நெருக்கம். நீரொளியார் தானே ஒரு கத்தரிக்கோலை எடுத்து நூலில் வைத்தார்.

"இருங்க அய்யா, நானே பிரிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டாள் அக்கா. நூலில் கத்தரியை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பையைத் திருப்பினாள். வெளிச்சத்தில் பிடித்தாள்.

பேராசிரியர் ஓர் அடி முன்னால் வந்தார். வாயைத் திறக்கப் போனார். கீழேயிருந்து மனைவி கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

"இது நான் போட்ட தையல் இல்லையே" என்றாள் அக்கா.

"அதிர்வு பட்டா நூல் கொஞ்சம் இப்படி அப்படி..."

"நான் இடது கைக்காரி அய்யா. என் தையல் இந்தப் பக்கம் சாயும். இது அந்தப் பக்கம் சாஞ்சிருக்கு." அவள் குரல் உயரவில்லை. "மலையைத் தாண்டும், கடலைத் தாண்டும்னீங்க. துணியைத் தாண்ட எதுக்குக் கத்தரிக்கோல்?"

வக்கீல்தான் முதலில் எழுந்து திரையை இழுத்தார். அறுந்து விழுந்தது. பின்னால் ஒரு தொட்டி நிறைய வெள்ளைச் சேறு. சுவரோரம் தகர டப்பாக்கள். ஊசியில் நூல் கோத்தபடி ஒரு சீடர், போட்டோவுக்கு நிற்பவர் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

பேராசிரியர் ஒரு டப்பாவிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு துண்டுக் கல்லை எடுத்தார். எல்லாரையும் முற்றத்துக்கு அழைத்துப்போய்த் தள்ளி நிற்கச் சொன்னார். ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டார். நுரைத்தது. நீளமான குச்சியில் தீயைக் கொண்டுபோய்க் காட்டினார். தண்ணீர் எரிந்தது.

"இது கார்பைடு கல்லு. எரியுறது தண்ணி இல்ல, கல்லுலேர்ந்து வர்ற கேஸ். கல்லு தீர்ந்தா தீ தீர்ந்துடும். வாராவாரம் உங்க அடுப்புக்குள்ள போனது இதுதான். இதுக்கு மனசு கிடையாது. முகத்துல வெடிச்சா இரக்கமும் கிடையாது."

"கல்லுக்கும் மனசு இருக்கு!" என்று நீரொளியார் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். பின்னால் நின்ற இரண்டு பேர் கைதட்டிவிட்டார்கள், பாவம், பழக்கதோஷம். சத்தியமாக நடந்தது.

நீரொளியார் பின்வாசல் வழியாக நழுவப் பார்த்தார். அங்கே அதிர்வு ஏற்ற வந்தவர்களின் வரிசை, ஆளுக்கொரு அடுப்போடு, அடைத்துக்கொண்டு நின்றது. மனைவி ஏற்கெனவே தீயணைப்பு நிலையத்துக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லியிருந்தாள். அவர்கள் வந்து டப்பாக்களையும் நீரொளியாரையும் தனித்தனி வண்டியில் ஏற்றினார்கள். இரண்டும் ஈரம் படாமல் கொண்டுபோக வேண்டிய சரக்கு என்றாள் மனைவி.

முற்றத்தின் ஓரத்தில் அக்கா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். பேராசிரியர் பக்கத்தில் போய் நின்றார்.

"அக்கா, நான் அன்னைக்கே சொல்லியிருந்தா உன் முகம்..."

"விடுடா. புருவம் முளைச்சுடும்" என்றாள் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன் மூக்கை ஏன் கழட்டி வெச்சுட்டுப் போன, அதைச் சொல்லு முதல்ல" என்றாள்.

கூட்டம் கலையும் நேரம். ஓர் அம்மாள் தன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடி வந்தாள். பின்னால் வங்கி மேலாளர். அவருக்கும் பின்னால் ஒரு சின்ன வரிசை. பார்க்கப் பார்க்க நீண்டுகொண்டிருந்தது.

"அய்யா! நீங்க தொட்டதும் தண்ணியே எரிஞ்சுதே! அந்த ஆளு போலி, நீங்கதான் அசல். உங்க கையால இந்த அடுப்பை ஒரு தடவை தொட்டுக் குடுங்க போதும்."

அந்தக் கண்களில் போன வாரத்து மின்னல் அப்படியே இருந்தது. ஆள்தான் மாறியிருந்தார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, பேராசிரியருக்கு அது இனிக்கவும் செய்தது. அந்த இனிப்பில்தான் அவர் பயந்துபோனார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அம்மா, போன வாரம் என்னை நம்பித்தான் ஏமாந்தீங்க. இந்த வாரமும் என்னையே நம்பினா, அடுத்த நீரொளியார் நான்தான். நான் சொன்னேன்னு எதையும் நம்பாதீங்க. பையை நீங்களே கொண்டு வாங்க, தையலை நீங்களே போடுங்க, பிரிக்கும்போது உங்க கண்ணாலேயே பாருங்க. மூளையை மட்டும் தயவுசெஞ்சு தைச்சு வெச்சுடாதீங்க!"